சாமி படம் போட்டு வாங்கிய கன்வெர்ட்டர்

ஞாயிறு, இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கேமரா படத்தை மேடைத் திரைக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டரை, எதிரே ஒரு ஆளை ஆடவிட்டுப் பார்த்துத்தான் வாங்கணும் என்று எங்கள் திரை வாடகைக் கடை முதலாளியிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவரோ பெங்களூரு கடையில் வழக்கம்போல முதலில் சாமி படத்தைப் போட்டாராம். "பளிச்சுனு இருந்துச்சும்மா, வாங்கிட்டேன்." அசையாத படத்தில், திரைக்குப் படம் தாமதமாக வருவது எப்படித் தெரியும்?

இன்று சூளகிரி கம்பெனி ஆண்டு விழா. அங்கே அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி மேடையில் ஆடினாள். அவள் கை இறங்கிய பிறகுதான் பின்னால் திரையில் கை ஏறியது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். "யாரு கவனிக்கப்போறாங்க, விடும்மா" என்றார் முதலாளி.

அவள் கவனித்தாள். திரும்பித் திரையைப் பார்த்து, தான்தான் முந்துகிறோம் என்று ஆட்டத்தையே மெதுவாக்கினாள். இறங்கி, திரையை இயக்கிக்கொண்டிருந்த என்னிடம் நேரே வந்தாள்.

"தாளம் தப்பிட்டேங்க்கா. மன்னிச்சுக்குங்க."