ஊறப்போட்ட அரிசி

1931 நவம்பர் 24, செவ்வாய்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ரெபேக்காளைக் காணோம். இன்றோடு ஆறு நாள். கதவில் பூட்டு தொங்குகிறது. உடைத்துப் பார்க்கலாம் என்று மணியக்காரரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். இன்றும் அதே பதில்தான்: "உள்ள பொணமா கெடந்தா நாத்தம் வந்திருக்கும் டீச்சரம்மா. ஊருக்குப் போயிருப்பா."

அவள் வீட்டுக்குப் பின்னாலேயே தோல் பதனிடும் ஷாப்பு. பச்சைத்தோல் ஊறும் குழி பத்தடியில் இருக்கிறது. இந்தத் தெருவில் யார் மூக்குக்கு என்ன தெரியும்?

பொறுக்க முடியாமல், அவர் எதிரிலேயே குழவிக்கல்லால் பூட்டை உடைத்தேன். உள்ளே யாருமில்லை. "நான்தான் சொன்னேனே" என்று சிரித்தபடி போய்விட்டார்.

அடுப்பங்கரையில் தோசைக்கு ஊறப்போட்ட அரிசி புழுத்துக் கிடந்தது. குனியும்வரை எனக்கே நாற்றம் தெரியவில்லை.

அரிசியை ஊறப்போட்டுவிட்டு எவள் ஊருக்குப் போவாள்?