நாம் சொன்ன முப்பத்தெட்டு

அக்கா,

இன்று காலை குதிகாலில் சில்லென்று பசை தடவினார்கள். உடனே உன் நினைப்புதான் வந்தது. உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில் எலும்புப் பரிசோதனை முகாம். பெட்டிக்குள் காலை வைத்தால் போதும், எலும்பு கெட்டியா, தேய்ந்துபோச்சா என்று காட்டிவிடும். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மண்டபத்தில் நீயும் நானும் வரிசையில் நின்றோமே, மறக்குமா?

நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு மட்டும்தான் பரிசோதனை என்றார்கள். உனக்கு ஐம்பத்தைந்து, எனக்கு நாற்பத்தெட்டு. நடவு முடித்து, சேறு போகக் காலைத் தேய்த்துக் கழுவி, மானாம்பதியில் டவுன் பஸ் ஏறி வந்திருந்தோம். பார்த்தால், நமக்கு முன்னால், நம்மைக் கூலிக்குக் கூட்டிப்போகும் மேஸ்திரி தன் அம்மாவோடு நிற்கிறான். வயசானவள் என்று தெரிந்தால் அடுத்த நடவுக்குக் கூப்பிட மாட்டான். அதனால்தான் நம் நடவுக் கூட்டத்தில் ஒருத்திக்கும் நாற்பது ஆனதே கிடையாது. நோட்டோடு உட்கார்ந்து வயசு கேட்ட பெண்ணிடம் உண்மையைச் சொல்ல நீ வாயைத் திறந்தாய். நான்தான் உன் இடுப்பைக் கிள்ளினேன். முப்பத்தெட்டு என்றாய். நானும் முப்பத்தெட்டு. அவள் உன் நரையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், இப்போது தேவையில்லை என்று அனுப்பிவிட்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்தோம். பெரிய சாமர்த்தியசாலிகள் என்று நினைப்பு நமக்கு.

அடுத்த ஐப்பசியில் வரப்பில் வழுக்கினாய். உட்கார்ந்தாற்போலத்தான் விழுந்தாய், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் வெளியே போய் அழுதேன். நீ அழவில்லை. மேஸ்திரி பழத்தோடு பார்க்க வந்தபோது படுத்தபடியே சொன்னாய்:

"எனுக்கு அம்பத்தாறு ஆவுது. நல்லா கேட்டுக்கோ. இந்த வயசுலதான் நீ காட்ன கழனி பூரா நட்டுக்கினு இருந்தேன்."

அவன் பழத்தை வைத்துவிட்டுப் போனான். பிறகு என் பக்கம் திரும்பினாய். "வயசு இன்னாடி, திருட்டு சாமானா? இன்னாத்துக்கு ஒளிச்சோம்?"

மார்கழியைத் தாண்டவில்லை நீ.

இன்றும் அவன் தன் அம்மாவோடு வந்திருந்தான். என் பின்னால் நம் கூட்டத்துப் பெண்கள் ஒன்பது பேர். நாளைக்குச் சாலவாக்கத்தில் நடவு. அந்த வேலை போனால் எனக்கு அடுப்பு எரியாது. நோட்டுக்காரப் பெண் வயசு கேட்டாள். ஆனாலும் மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி, "அம்பத்திரண்டு" என்றேன்.

மேஸ்திரி என் பக்கத்தில் வந்தான். "இன்னாக்கா, நாப்பதுகூட ஆவலன்னியே?"

"அது உனுக்குச் சொன்ன வயசு. இது என் எலும்போட வயசு."

பின்னாலிருந்தவள் நாற்பத்தொன்பது என்றாள். அடுத்தவள் ஐம்பத்தேழு. அப்படியே கடைசிவரைக்கும். சாலவாக்கத்து நடவுக்கு நாற்பதுக்குக் கீழே அவனுக்கு ஒருத்தியும் மிஞ்சவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, காலையில் ஆறு மணிக்கு வண்டி வரும், எல்லாரும் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் எலும்பும் தேய்ந்துதான் இருக்கிறதாம். காஞ்சிபுரத்தில் பெரிய ஸ்கேன் எடுக்கச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். எடுப்பேன், மருந்தும் தின்பேன், நடவும் நடுவேன். அந்தச் சீட்டில் என் வயசு கொட்டை எழுத்தில் இருக்கிறது, மடிக்காமல் வைத்திருக்கிறேன்.

உன்னைக் கிள்ளிய இந்தக் கை இனி ஒருத்தியையும் கிள்ளாது, அக்கா.