புது மெஷின் கொஞ்சம் வேர்க்கும்

மார்ச் 4

அன்புள்ள கடைக்காரருக்கு,

ஊசி எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. உங்கள் மேல் எதுவும் ஒட்டாது. உங்கள் தையல் மெஷின்களில் இருந்துதான் எல்லார் மேலும் ஒட்டும்.

தினமும் தங்கைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்கிறீர்களாம். வரமாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் என் கதை முடிந்தது. "என்ன ஊசி, சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை போதும், மூட்டு வலியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். என் யோக்கியதை எனக்குத் தெரியும். எழுத்தில் உங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. எனவே இனிமேல் எதுவானாலும் கடிதம்தான்.

ஏன் போனாள், ஏன் போனாள் என்று என் தங்கையிடம் புலம்பினீர்களாமே. தெரியாதது மாதிரி. பள்ளிக்கூடப் பை தைக்கிற அந்த அம்மா வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினார். துணி முழுக்க உங்கள் மெஷினின் கறுப்பு. பழைய மெஷினுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று தலையில் கட்டியது அவருக்கே புரிந்துவிட்டது. நீங்கள் கொஞ்சம்கூடக் கூசாமல், "புது மெஷின்னா கொஞ்சம் வேர்க்கும்மா, போகப்போக சரியாயிடும்" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? தைத்துக் காட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கட்டின பெண்டாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயே சொல்லு ஊசி" என்றீர்கள்.

எழுந்து மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

தங்கை வீட்டில் குறை ஒன்றும் இல்லை. அவள் குறட்டை விடுகிறாள், அவள் புருஷன் தூக்கத்தில் அதற்குப் பதில் சொல்கிறான். இந்தத் தெருவில் நான் தைப்பேன் என்று அவள் தண்டோரா போட்டுவிட்டாள். வரிசையாக வருகிறார்கள். நான் கையால் ஊக்கு வைத்துக்கொண்டும், விளிம்பு மடித்துக்கொண்டும், விரலெல்லாம் ஓட்டையாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கென்று ஒரு மெஷின் வேண்டும். ஓசியில் ஒன்று அனுப்புகிறேன் என்றீர்களாம். வேண்டாம். எனக்கு வேர்க்கிற மெஷின் ஒத்துக்கொள்ளாது.

அவசரத்தில் என் வாத்து நைட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டேன். கண்ணே இல்லாமல் அச்சடித்த வாத்துகளுக்கு நான் உட்கார்ந்து சிவப்பு நூலில் கண் வைத்தேனே, அதுதான். அதை மட்டும் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஊசி


மார்ச் 11

என் அன்பு ஊசிக்கு,

உன் கடிதத்தைக் கடைப் படியில் உட்கார்ந்து படித்தேன். எதிரே அந்தக் கடுகடுப்பான், அவன் கடை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின் விற்பவனுக்கு முகத்தில் ஒரு சிரிப்பு வேண்டாமா? வருகிற ஆளிடம் "இது சத்தம் போடும், அது கனம், இது உங்களுக்கு ஒத்துவராது" என்று அவனே சொல்லித் துரத்துகிறான். அவன் வியாபாரம் செய்யும் அழகு அது. போகட்டும்.

நீ போன நாளில் இருந்து எனக்குப் புத்தி வந்துவிட்டது. பெயின்ட் டப்பா, பிரஷ், தங்க நிறப் பூ ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி பழசு என்றால் பழசு, புதுசு என்றால் புதுசு. உன் மேல் ஆணை.

என்னிடம் வாங்க மனமில்லை என்றால் சரி. ஆனால் ஒரு வார்த்தை கேள். உன் தங்கை ஆன்லைனில் வாங்கச் சொல்கிறாளாம். அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதே. முகம் தெரியாதவன், எந்தச் சந்தில் உட்கார்ந்திருக்கிறானோ, எதைப் பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்புகிறானோ. கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பாய்? கடை என்றால் ஆள் இருக்கிறான், கல்லா இருக்கிறது, திட்டுவதற்கு ஒரு முகம் இருக்கிறது. நான் ஒவ்வொரு மெஷினையும் கொடுப்பதற்கு முன் ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்து, அந்தத் துண்டை ஊசிக்கு அடியிலேயே விட்டுத்தானே கொடுப்பேன்? அதுதான் என் கையெழுத்து. ஆன்லைன்காரனுக்கு அந்த அக்கறை வருமா?

வீடு வீடாக இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டேன். நீ வந்தால் தைத்துக் காட்டும் நாற்காலியில்கூட உட்கார வேண்டாம். மாடியில் உன் பாட்டுக்கு இரு.

வாத்து நைட்டி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. உன் துணி எதிலும் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நீயே வந்து எடுத்துக்கொள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
கடைக்காரன்


மார்ச் 19

அன்புள்ள கடைக்காரருக்கு,

எழுத்தில் உங்களுக்குச் சாமர்த்தியம் போதாது என்று எழுதினேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உப்பு விஷயத்தைப் படித்துவிட்டு, மானங்கெட்டவள், மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கை பார்த்துவிட்டு, "என்னக்கா, உப்புக்கே இப்படின்னா மிளகாய்க்கு என்ன பண்ணுவே" என்றாள்.

உப்பு, அடுப்புக்கு மேல் பச்சை மூடி டப்பா. மூடியில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மெஷின் ஆன்லைனில் சொல்லியாயிற்று. திட்டாதீர்கள். அந்தக் கண்ணராவியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தங்கையும் நானும் ஒரே போனுக்குள் தலையை விட்டு, வாங்கியவர்கள் எழுதியதை எல்லாம் படித்தோம். ஒருவர், "மெஷினை இன்னும் பிரிக்கவில்லை" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். இன்னொருவர், "அட்டைப்பெட்டி உறுதியாக இருக்கிறது, பூனை அதில்தான் படுக்கிறது" என்று ஐந்து நட்சத்திரம். இப்படிப்பட்ட ஜனங்கள் இருக்கும்போது உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. விற்பவன் பெயர் 'வாய்மை டிரேடர்ஸ்'. பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் படத்தில் மெஷின் பளபளவென்று இருந்தது. பளபளப்பைப் பார்த்து ஏமாறுவது எனக்குப் புதிதில்லையே, உங்களையே அப்படித்தான் கட்டிக்கொண்டேன்.

பகலில் இங்கே ஆள் இருக்காது என்பதால், தங்கை புருஷன் வேலை பார்க்கும் அச்சகத்தின் பெயருக்கும் விலாசத்துக்கும் வரவழைத்திருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரவும் பகலும் யோசித்தேன். நீங்கள் பெயின்ட் டப்பாவைத் தூக்கிப் போட்டது நிஜம் என்றால் நான் வருகிறேன். மெஷின் வந்ததும், இங்கே ஒப்புக்கொண்ட துணிகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு, என் மெஷினையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். மாடியில் ஜன்னல் பக்கம் அதற்கு இடம் வேண்டும். என் காசில் வாங்கிய மெஷினில் என் வாயால் பொய் சொல்லாமல் தைத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் கீழே, நான் மேலே. உங்களிடம் நான் கேட்பது வேறொன்றும் இல்லை. பொய் வியாபாரம் இனி கிடையாது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் ஊசி

பின்குறிப்பு: ஜன்னல் பக்கம் கிடக்கும் உங்கள் பழைய செருப்புக் குவியலை முதலில் ஒழிக்கவும். நினைத்தாலே நாறுகிறது.


மார்ச் 25

என் உயிர் ஊசிக்கு,

பச்சை மூடி டப்பாவை எடுத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீ வருகிறாய் என்று கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கடுகடுப்பானிடம்கூடச் சொன்னேன். "பாவம்" என்று ஒரே வார்த்தை சொன்னான். என்னையா உன்னையா என்று கேட்கவில்லை.

செருப்புகள் போயின. ஜன்னல் பக்கம் துடைத்து வைத்திருக்கிறேன். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நாள் முழுக்க அட்டைப்பெட்டி, டேப், கயிறு என்று இடுப்பு ஒடிகிறது. பழைய சரக்கை ஒழித்துக்கட்டுகிறேன் என்று வைத்துக்கொள்.

ஆன்லைன் விஷயத்தில் ஏமாறத்தான் போகிறாய். பரவாயில்லை. ஏமாந்தால்தான் என் அருமை தெரியும். உன் மேல் போட்ட ஆணை அப்படியே இருக்கிறது. சீக்கிரம் வா. உன் வாத்துகள் பீரோவுக்குள் உனக்காகக் கண் விழித்துக் காத்திருக்கின்றன.

உன் வரவை எதிர்பார்க்கும்,
கடைக்காரன்


ஏப்ரல் 2

கடைக்காரருக்கு,

மெஷின் வந்தது.

அச்சகத்திலேயே பிரித்தோம். தங்கை புருஷன், மேனேஜர், பைண்டர், எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பெட்டியைத் திறந்ததும் ஒரு நாற்றம். பெயின்ட், மண்ணெண்ணெய், அதற்கு அடியில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் மாதிரி ஒன்று. எங்கேயோ பழகிய நாற்றமாக இருக்கிறதே என்று தோன்றியது. வெளியே எடுத்து வைத்தேன். உள்ளங்கை இரண்டும் கறுப்பு. "எங்ககிட்ட இல்லாத கறுப்பு மையா, இதை எதுக்குக் காசு குடுத்து வாங்கினீங்க" என்றார் மேனேஜர். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே பச்சை. அடிநூல் சுற்றிய பாபின் கூட்டைக் கழற்றினால் உள்ளே யாருடைய தலைமுடியோ சுற்றிக்கொண்டு, பிசுக்கும் நூல் தூசும் சேர்ந்து சாணி உருண்டை மாதிரி ஒன்று விழுந்தது. கூடவே ஒரு கரப்பான் கால். ஒரு கால்தான். மீதி எங்கே என்று தேட எனக்குத் தைரியம் இல்லை.

பிறகுதான் ஊசிக்கு அடியில் பார்த்தேன். தைத்துப் பார்த்த துண்டுத் துணி. மூன்று வரிசைத் தையல், உங்கள் பழக்கப்படி கடைசியில் ஒரு வளைவு. அந்த வளைவுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு வாத்து என்னையே பார்த்தது. சிவப்புக் கண்ணால்.

என் நைட்டி. நான் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கண் வைத்த வாத்து. அச்சகத்தில் ஆம்பளைகள் எல்லாரும் குனிந்து, "என்னக்கா துணி இது, பொம்மை போட்டிருக்கு" என்று கேட்கிறார்கள். நான் என்னவென்று சொல்வது? என் ராத்திரித் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, முன்பின் தெரியாதவர்களுக்கு எல்லாம் மெஷினோடு சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் என் வாத்தால் எண்ணெய் துடைத்துக்கொண்டிருக்கிறார்களோ. ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை என்று எழுதினீர்களே, அந்த வரியை மறுபடி எடுத்துப் படித்தேன். வாய் கொப்பளிக்கத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து, 'வாய்மை டிரேடர்ஸ்' பற்றி ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைத் தேடினேன். முதலில் ஐந்து நட்சத்திரத்தை மட்டும் படித்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். யாரோ ஒரு பெண், "கறுப்பு துணியில் ஒட்டுகிறது" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே விற்பவரின் பதில்: "புது மெஷின் கொஞ்சம் வேர்க்கும்மா. போகப்போக சரியாகிவிடும்."

முன்பாவது அந்தப் பை தைக்கிற அம்மா நேரே வந்து, உங்கள் முகத்துக்கு முன்னால் துணியை விரித்தார். திட்டுவதற்கு ஒரு முகம் இருக்கிறது என்று பெருமையாக எழுதினீர்களே. இப்போது அதையும் ஒளித்து வைத்துவிட்டீர்கள். சந்தில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இந்தப் பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன், நீங்கள் அந்தப் பக்கம் என் மேல் ஆணையிட்ட கையாலேயே என் துணியை வெட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மெஷினைத் திருப்பி அனுப்புகிறேன். ஏன் என்று காரணம் கேட்கிறார்கள். நாலைந்து காரணம் அவர்களே போட்டிருக்கிறார்கள், ஒன்றைத் தொட வேண்டும். 'படத்தில் இருந்தது ஒன்று, வந்தது வேறு' என்பதைத் தொட்டேன். பக்கத்தில் இருந்த தங்கை, "மெஷினையா அத்தானையாக்கா?" என்றாள். நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று உங்கள் தெருவுக்கு வந்தேன். நீங்கள் உள்ளே யாரிடமோ குழைந்துகொண்டிருந்தீர்கள். எதிர்க்கடைக்குள் போனேன். கடுகடுப்பான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மெஷினைக் காட்டி, "இது பழசு. பெல்ட் மாத்தியிருக்கேன். சத்தம் போடும், அப்புறம் வந்து சொல்லக் கூடாது" என்றார். தைத்துப் பார்த்தேன். சத்தம் போட்டது. கைக்குட்டையால் மெஷினை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதை அவர் கவனித்தார், பில் புத்தகத்தை எடுத்தார்.

இப்போது அது தங்கை வீட்டு ஜன்னல் பக்கம் இருக்கிறது. நான் தைக்க ஆரம்பித்தால் தங்கையின் குறட்டை கேட்பதில்லை.

என் மீதித் துணிகளை எடுத்துக்கொள்ளத் தங்கை புருஷன் வருவார். வெட்டாமல் ஏதாவது மிச்சம் இருந்தால் கொடுத்தனுப்பவும். அந்த வாத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். மெஷினோடு திருப்பி அனுப்பவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் நான் பிரிக்கப்போவதில்லை. பிரிக்காமலே ஐந்து நட்சத்திரம் கொடுக்கத்தான் உங்களுக்கு நிறையப் பேர் இருக்கிறார்களே.

இப்படிக்கு,
வாங்கி ஏமாந்தவர்களில் ஒருத்தி