ஆவி காட்டாத எஞ்சின்

நினைக்காத நாளில்லாத என் செல்வம் அண்ணனுக்கு,

நீ போன பிறகு உன் எஞ்சினுக்கு வைத்தியம் பார்க்க மட்டாஞ்சேரியில் ஒரு பட்டாளமே கிளம்பிவிட்டது. நீ இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பாய். வேலை போய்விடுமே என்று நான் மனதுக்குள் துப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டல் முற்றத்தில் விருந்தினருக்கு ஓட்டிக் காட்டுவோமே, அந்த நீராவி எஞ்சினைத்தான் சொல்கிறேன். சூடு வெளியே போகாமல் குழாய்களுக்குப் பஞ்சு சுற்றினாய். வேலை முடிந்து வரும் ஆவியைத் தொட்டிக்குத் திருப்பி, பாய்லருக்குப் போகிற தண்ணீரைச் சூடாக்கினாய். அடுப்புக்கு முன்பு எரித்ததில் பாதித் தேங்காய்ச் சிரட்டைதான் தேவைப்பட்டது. புதிய மேனேஜர் வந்து பார்த்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா?

"ஆவி எவிடே சேச்சி? இது கரண்டிலாணோ ஓடுந்நது?"

ஆவியையே காணோமே, கரண்டில் ஓடுகிறதா என்கிறார்! ஆவி தெரிந்தால்தான் விருந்தினர் படம் எடுப்பார்களாம். பஞ்சை உரித்துப் போட்டுவிட்டுக் குழாய்களைப் பளபளவென்று தேய்க்கச் சொன்னார். ஆவிக் குழாயை வானத்தைப் பார்க்கத் திருப்பினார்கள். இப்போது நம் எஞ்சின் இட்லிக் கடை மாதிரி ஆவி விடுகிறது, கூட்டம் கைதட்டுகிறது. வீணாய்ப் போகிற சூட்டுக்குக் கைதட்டும் ஜனங்களை என்னவென்று சொல்ல?

சிரட்டை மூட்டை மூட்டையாகக் காலியாகிறது. அதைப் பார்த்து அதே மகராசன், எஞ்சின் ரொம்பத் தின்கிறது என்கிறார். அடுத்த மாதம் சக்கரத்தை மோட்டாரில் சுற்றவிட்டு, கல்யாண மேடையில் புகை விடுவார்களே, அந்த மெஷினைப் பக்கத்தில் வைக்கப் போகிறாராம். பாய்லர் வேண்டாம், நானும் வேண்டாம்.

உன்மேலும் கோபம்தான். "வெளிய ஒண்ணும் தெரியலேன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம்" என்று மீசையைத் தடவுவாயே, அதை நாலு பேருக்குப் புரிகிற மாதிரி சொன்னால் வாயா தேய்ந்துவிடும்? நெஞ்சுவலியையும் அப்படித்தானே வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். பக்கத்திலேயே சிரட்டை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த எனக்குக்கூடத் தெரியவில்லையே, அண்ணா.

குப்பையிலிருந்து பஞ்சை எடுத்து வைத்திருந்தேன். நேற்று யாரையும் கேட்காமல் திரும்பக் கட்டிவிட்டேன், ஆவிக் குழாயையும் தொட்டிக்கே திருப்பிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை வெளியே ஆவி வராது. மேனேஜர் குதிக்கட்டும். நீ சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்தக் கூட்டத்தின் முன்னால் நான் சொல்வேன். கேட்டும் புரியாதவர்கள் புகை மெஷினையே கட்டிக்கொண்டு அழட்டும்.

இன்னொன்றும் சத்தியமாய்ச் சொல்கிறேன். எனக்கு எங்கே வலித்தாலும் அன்றைக்கே வாய்விட்டுக் கத்துவேன்.

உன்மேல் கோபம் தீராத,
உன் தங்கச்சி மல்லிகா