கார்டுக்கும் பிராசஸருக்கும் நடந்த ஜரிகை வழக்கு

ஆவணி, திங்கள். புழுக்கம். மாலை இடி மட்டும், மழை இல்லை.

1. இதை எழுதுபவன் தணிகாசலம், வழக்கறிஞன், சிவில் வழக்குகள் மட்டும். குடியிருப்பு சின்ன காஞ்சிபுரம்.
2. மனைவி கோமளா (இனி கோ.). வெள்ளிதோறும் மாலை எங்கள் கூடத்திலிருந்து நேரலையில் பட்டுப்புடவை காட்டி விற்பவள். புடவைகள் அவள் தம்பி ரவியின் (இனி ர.) வீட்டுத் தறிகளில் நெய்தவை.
3. நேரலையின் கணினிப் பொறுப்பு என்னுடையது.

சென்ற வெள்ளி நடந்தது: கோ. மாம்பழ நிறப் புடவையை உதறி விரித்த கணத்தில் திரையில் ஜரிகை முழுவதும் கலங்கிப் பழுப்புச் சதுரங்களாயிற்று. ஓரிக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த விஜயா என்பவர் எல்லோருக்கும் தெரியும்படி எழுதியது: "இது ஜரிகையா பிளாஸ்டிக்கா? நேர்ல பாத்தா வண்டவாளம் தெரிஞ்சிடும்." அவரைத் தொடர்ந்து வேறு பலரும். கோ. பாதியிலேயே முடித்துக்கொண்டாள்.

இன்று சாப்பிடும்போது கோ.: "வர வெள்ளியும் இப்படி ஆச்சுன்னா நிறுத்திடறேங்க. விக்கலன்னா போவுது. பொய் சொல்றவன்னு பேர் வாங்கிக்கினு கேமரா முன்னாடி உக்கார முடியாது."

மோரை ஊற்றிக்கொண்டேன். காரணத்தை நிறுவாமல் ஆறுதல் கூறுவது முறையன்று.

மோர் தீர்ந்தது. நாளை பால் கூடுதலாக.

செவ்வாய். வெயில். இரண்டு வழக்கிலும் வாய்தா. மதியமே வீடு.

ர. வந்தான். எடுத்த எடுப்பில்: "மாமா, கம்ப்யூட்டர்ல கிராஃபிக்ஸ் கார்டு சும்மா தூங்கிக்கினு இருக்குது. படத்த சுருக்கி அனுப்புற வேலைய அது தலைல கட்டுங்க. ஏன் எல்லாத்தையும் பிராசஸர் மேல ஏத்துறீங்க?"

என் வாதம்: மென்பொருள், பிராசஸரைக் கொண்டு ஆராய்ந்து சுருக்கும், படம் துல்லியம். கார்டில் இருப்பது அந்த ஒரு வேலைக்கென்றே பதித்த சில்லு. வேகம் உண்டு, நிதானம் இல்லை. படித்தது அப்படி.

"படிச்சது எந்தக் காலத்து கார்டப் பத்தி மாமா?"

மனு ஏற்கப்பட்டது. நேரில் சோதிக்க முடிவு.

புதன். மேகமூட்டம். செருப்பு தைக்கக் கொடுத்தது.

சோதனை. இரு தரப்புக்கும் அதே புடவை, அதே விளக்கு, வினாடிக்கு அதே அளவு தரவு. புடவை சுவர் ஆணியில். மென்பொருளை நிதானமான அமைப்பில் வைத்தேன். ஜரிகைக் கட்டங்கள் இழை இழையாக. கார்டு சற்றே மங்கல். என் தரப்புக்கு வெற்றி. சிறிது பெருமிதம், மறைக்கவில்லை.

கோ. காபியோடு வந்து பார்த்தாள். "யாருங்க ஆணியில மாட்டி புடவ காட்றது? நான் உதறுவேன், திருப்புவேன், முந்திய தோள்ல போடுவேன். அதுவா தொங்கிக்கினு இருக்கும்?"

சரியான ஆட்சேபம். தீர்ப்பு ரத்து. மறு விசாரணை நாளை.

வியாழன். காற்று.

கோ. உதற, நானும் ர.வும் திரை முன்.

மென்பொருள், நிதானமான அமைப்பு: பிராசஸர் திணறியது. கணினிக்குள் விசிறி ஓலம். நடுவில் படங்கள் விடுபட்டன. புடவை அந்தரத்தில் உறைந்து நின்று, மறுகணம் மடியில் கிடந்தது. ர.: "என்னா மாமா, உங்க கட்சிக்காரருக்கு மூச்சு வாங்குது."

மென்பொருள், வேகமான அமைப்பு (சென்ற வெள்ளி இதுவே): தடங்கல் இல்லை. ஆனால் அதே பழுப்புச் சதுரங்கள். குற்றவாளி அகப்பட்டார்.

கார்டு: ஒரு படமும் விடுபடவில்லை. பிராசஸர் ஏறக்குறைய ஓய்வில். உதறும்போதும் ஜரிகை நின்றது. முந்தியின் மெல்லிய கொடி வேலைப்பாடு மட்டும் கலங்கல்.

கொடி கலங்கினால் விஜயா விடமாட்டார்.

அப்போதுதான் பின்னணியைக் கவனித்தேன். கடை போலத் தோன்றுவதற்காக வரிசையாகத் தொங்கவிட்ட புடவைகள், மின்விசிறிக் காற்றில் அத்தனையும் அசைந்து மின்னிக்கொண்டு. அனுப்பக்கூடிய தரவோ வரையறுத்த அளவுதான். கோ.வின் கையிலிருக்கும் புடவைக்குச் சேர வேண்டியதைப் பின்னால் தொங்குபவை பங்கு போட்டுக்கொண்டன. தொழில் முழுக்கப் பாகப்பிரிவினை வழக்கு நடத்தியவனுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்!

எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன்.

"வெறுஞ்சுவத்துக்கு முன்னாடியா? எழவு வீடு மாதிரி இருக்குதுங்க."

"வெறுஞ்சுவர் பங்கு கேட்காது" என்றேன்.

மறுபடி உதறினாள். கொடி, இலை, இலை நரம்பு. எல்லாம் தெளிவு.

எது எதுவென்று சொல்லாமல் மூன்று முறைகளின் பதிவுகளையும் கோ.வுக்கும் ர.வுக்கும் தனித்தனியே காட்டினேன். இருவரும் கார்டையே தேர்ந்தனர். தீர்ப்பு: நேரலைக்குக் கார்டு. பிறகு பதிவை ஆற அமரச் சுருக்கி வைக்க மென்பொருள். அவசரமில்லாத இடத்தில் அதன் துல்லியத்தை மறுப்பதற்கில்லை.

நான் தோற்ற வழக்கு. இவ்வளவு மகிழ்ச்சி வென்ற வழக்கில்கூட இல்லை.

வெள்ளி. நல்ல மழை. மின்சாரம் போகவில்லை.

கோ. முதலில் எடுத்ததே மாம்பழ நிறம். வேண்டாமென்றேன், கேட்கவில்லை.

விஜயா வந்தார். "இன்னொரு தரம் உதறுங்க." உதறினாள். "கிட்ட காட்டுங்க." காட்டினாள். "முந்திய." விரித்தாள். தங்கம் தங்கமாகவே இருந்தது. பின்: "நாளைக்கு நேர்ல வரேன்."

கோ. கேமராவைப் பார்த்து: "வாங்கம்மா. கண்ணாடி போட்டுக்கினு வாங்க."

ர. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். பால் பொங்கி வழிந்தது, யாரும் பார்க்கவில்லை.

சனி. வானம் வெளுத்தது.

விஜயா வந்தார், கண்ணாடியோடு. புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்தில் போனில் நேற்றைய படத்தை வைத்து, மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து பாத்ததுதாம்மா இது. அன்னிக்கு என்னா ஆச்சு?"

"அவரக் கேளுங்க" என்றாள் கோ. முகத்தில் நான் மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு.

விளக்கினேன். சற்று நீளமாக. "அப்ப பொய் சொன்னது கம்ப்யூட்டருங்களா!" என்றவர், அங்கேயே உட்கார்ந்து எல்லோரும் பார்க்க எழுதினார்: "நேர்ல பாத்துட்டேன். அசல் ஜரிகை. நான் சொன்னது தப்பு."

சாட்சிக் கையெழுத்து கேட்டேன்.

"டைரிக்குமா சாட்சி?" கோ. தலையில் அடித்துக்கொண்டாள்.

விஜயாவோ: "படிக்காம போட மாட்டேங்க."

இத்தனை ஆண்டுத் தொழிலில் கட்சிக்காரர் எவரும் என்னிடம் சொல்லாத சொல். கொடுத்தேன். திங்களிலிருந்து முழுவதும் படித்தார். "வண்டவாளம்னா எழுதினேன்?" என்றார். "சொல்லுக்குச் சொல்." "சரி, இருக்கட்டும்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

(சாட்சி கேட்டது முதலான வரிகள், கையெழுத்துக்கு விட்ட இடத்துக்கு மேல் பிறகு சேர்த்தது. எழுதியது நானே.)

(ஒப்பம்) தணிகாசலம்

சாட்சிகள்:
1. ரவி
2. விஜயா, ஓரிக்கை