கஞ்சித் தொட்டிக்கு மேலே பத்து நிமிடம்

இன்று காலை பின்கட்டில், வேட்டிக்குக் கஞ்சி போட்ட வாளி மூடியோடு கிடந்தது. நான்கு நாளாக யாரும் கவனிக்கவில்லை. மூடியைத் தூக்கினேன். புளித்த வாடை முகத்தில் அடித்ததும் இரண்டு அடி பின்னால் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த மருமகள் சிரித்துவிட்டாள்.

“இன்னா மாமா, வாளி கடிச்சிடுமா?”

“காத்து போவட்டும்மா” என்றேன். அது உன் பேச்சு. நீ இறந்துபோய் ஆறு வருடமாகிறது. உன் வாக்கியம் என் வாயில் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நான் அதை முதல் தடவை ஒழுங்காக எழுதவில்லை. அதனால் இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்றாவது வருடம். கருவடிக்குப்பம் போகிற வழியில், நெசவுக்கான பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சிறிய பட்டறை ஒன்று இருந்தது. நீ அங்கே வேலை பார்த்தாய். கழிவுக் கஞ்சி போய்ச் சேர, கொல்லையில் தரைக்கு அடியில் ஒரு தொட்டி. மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாய், உள்ளே இறங்க இரும்புப் படிகள். இரண்டு மாதம் மூடிக்கிடந்த பட்டறையைத் திறக்கும் நாளில், தொட்டியை வழிக்க முருகேசன் இறங்கினான். அடியைத் தொட்டதும் விழுந்தான். அவனைத் தூக்க உன் மனைவியின் தம்பி தனபால் இறங்கினான். அவன் பாதிப் படியிலேயே தலை சாய்ந்துவிட்டான்.

பத்திரிகை நிருபரான நான், வேறொரு செய்திக்காகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவன், கூச்சல் கேட்டு உள்ளே வந்தேன். தொட்டி வாயின் குறுக்கே ஒரு மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். எதிரே முருகேசனின் அண்ணன் கோவிந்தன்.

“தள்ளுடா! எந் தம்பி உள்ள கெடக்கிறான்!”

“ஒருத்தனும் எறங்கக் கூடாது.”

“டேய், ஒம் பொண்டாட்டி தம்பியும் உள்ளதாண்டா கெடக்கிறான்! நீ மனுசனா?”

“தெரியும். தள்ளி நில்லு.”

அவர் உன் சட்டையைப் பிடித்தார். நீ கழியால் அவரை நெட்டித் தள்ளினாய். அவர் விழுந்ததும் இன்னொருவன் முன்னால் வந்தான். அவன் ஏற்கெனவே சட்டையைக் கழற்றியிருந்தான். கழியின் முனை அவன் நெஞ்சில் பட்டது. அவன் யாரென்று பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பின் நீ சொன்னதெல்லாம் கட்டளைதான். வெயிலில் உலர்த்தியிருந்த காடாத் துணியை நான்கு பேரை விட்டு அவிழ்க்கச் சொன்னாய். “மொதலாளி கேட்டா இன்னா சொல்றது?” என்று மேஸ்திரி முனகினார். “காத்து புடிக்கக் குடுத்தோம்னு சொல்லு” என்றாய். கடல் காற்று எழுந்திருந்த நேரம். துணியைப் படகுப் பாய்போலக் காற்றுக்கு எதிரே விரித்து, அடியைக் குழாய்போலச் சுருட்டித் தொட்டிக்குள் விடச் செய்தாய். தொட்டியின் மறுகோடியில் மூடியிருந்த கல்லைக் கடப்பாரையால் புரட்டச் சொன்னாய். “உள்ள போவ ஒரு வாசல், வெளிய வர ஒரு வாசல். இல்லாட்டிக் காத்து எங்க போவும்?”

துணி புடைத்து உள்ளே ஊதியது. மறுபக்கத்திலிருந்து வந்த நாற்றத்தில் அங்கே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். நீ அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினாய். பாதியில் அணைந்தது; உள்ளே இன்னும் கெட்ட காற்று. ஏற்றினாய், மறுபடி இறக்கினாய். மறுபடி அணைந்தது. கோவிந்தன் தரையில் உட்கார்ந்து மண்ணை வாரி உன்மேல் எறிந்துகொண்டிருந்தார். மூன்றாம் தடவை விளக்கு அணையவில்லை.

அப்போது நீ இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாய். உன் கண் என்மேல் நின்றது. படித்தவர்களை நீ பிரெஞ்சு வழக்கில் ‘முசியே’, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவாய்.

“முசியே, உனக்கு உள்ள யாரும் இருக்காங்களா?”

“இல்லை.”

“அப்ப நீ புடி. ஒறவுக்காரன் புடிச்சா கயித்த வுட்டுட்டுக் குதிச்சிடுவான். மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்க. ரெண்டு தடவ இழுத்தா தூக்கு. கயிறு சும்மா தொங்குச்சுன்னாலும் தூக்கு. எறங்கி மட்டும் வராத.”

நீ மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினாய். தனபாலை நீதான் கட்டி அனுப்பினாய். நானும் இன்னும் இரண்டு பேரும் இழுத்தோம். நீ மேலே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி இறங்கி, சேற்றிலிருந்து முருகேசனையும் கொண்டுவந்தாய். தனபால் அரை மணி நேரத்தில் கண் திறந்தான். முருகேசன் திறக்கவில்லை.

என் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. நீ அந்த நிலையிலும் அதைப் பார்த்து, “பேனா புடிக்கிற கையின்னா இப்பிடித்தான் பூவாட்டம் இருக்கும்” என்றாய். பிறகு சுவரோரம் போய்க் குந்தி, வாந்தி எடுத்தாய்.

மறுநாள் எங்கள் பத்திரிகையில் நான் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம். “விழுந்தவர்களைக் காப்பாற்ற இறங்க முயன்றவர்களை, உடன் வேலை செய்யும் ஒருவர் பத்து நிமிடம் தடுத்து நிறுத்தினார். பின்னர் அவரே இறங்கி, முதலில் தம் மைத்துனரையும், பிறகு முருகேசனையும் வெளியே கொண்டுவந்தார். மைத்துனர் பிழைத்தார். முருகேசன் இறந்துவிட்டார்.”

ஒரு சொல் பொய்யில்லை. பத்து நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்திருந்தேன். அதில் எனக்குப் பெருமைகூட.

முடிதிருத்தும் கடையில் யாரோ அதை உரக்கப் படித்தார்களாம். அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் உன்னோடு யாரும் பேசவில்லை. மீன் வாங்கப் போன உன் மனைவியிடம் ஒருத்தி, “ஒந் தம்பிக்கு மட்டும் காத்து ஊதுனானாமே ஒம் புருசன்” என்று கேட்டாளாம். இதையெல்லாம் நான் கேள்விப்படுவதற்கு முன்பே நீ என் அலுவலக வாசலில் வந்து நின்றுவிட்டாய். சண்டைக்கு வந்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

“நீங்க எழுதினதைப் படிச்சேன்” என்று நீ சொல்லவில்லை. உனக்குப் படிக்கத் தெரியாது. “படிக்கச் சொல்லிக் கேட்டேன்” என்றாய். “பொய் ஒண்ணும் இல்ல. ஒண்ணு மட்டும் கேக்கணும் முசியே. அதுல நீ எங்க?”

“செய்தியில எழுதறவன் வரக்கூடாதுங்க. அது எங்க தொழில் வழக்கம்.”

“நீங்க வாங்கல்லாம் வேணாம். சட்டயக் கழட்டிட்டு ரெண்டாவதா வந்தவன் நீதான? கழியால குத்தித் தள்ளுனனே. நீ எறங்கியிருந்தா ஒம் பின்னால எத்தினி பேரு எறங்கியிருப்பான்?”

நீ வாசற்படியில் உட்கார்ந்து, துறைமுகத்தில் மூட்டை இறக்கிய நாட்களைச் சொன்னாய். ஈரத் தானியம் புழுங்கிக் கிடந்த கப்பல் அடித்தட்டில் ஒருவன் விழுந்தான். அவனைத் தூக்க ஒருவன். அவனைத் தூக்க இன்னொருவன். “மூணாவது ஆளு எங்கண்ணன். நாலாவதா நான் போவ இருந்தேன். கப்பக்காரன் ஒருத்தன் என் காலப் புடிச்சி இழுத்துட்டான். அப்புறம் அவங்க துணிக் குழாய உள்ள வுட்டு ஊதுனாங்க. அன்னிக்கு அந்தக் கப்பக்காரனக் கடிச்சி வெச்சேன், கையில.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். “கோவிந்தன் மண்ணத்தான் போட்டாரு.”

தனபால் ஏன் முதலில் வந்தான் என்றும் அன்றுதான் கேட்டேன். அதுவரை கேட்கவில்லை என்பதுதான் என் வெட்கம். “வழியில கெடந்தான். அவன எடுக்காம அடிக்கு எப்பிடிப் போறது?”

அன்றிரவு வரை காத்திருக்காமல், நீ எழுந்து போன உடனே மறுபடி எழுதினேன். துணி, மறுகோடிக் கல், மூன்று முறை இறங்கிய விளக்கு, எல்லாவற்றையும். சட்டையைக் கழற்றியவன் நான் என்றும், கயிறு பிடித்தவன் நான் என்றும், அந்தக் கழி இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்றும். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “செய்தியில ‘நான்’ எதுக்குய்யா?”

“அன்னிக்கு நான் இருந்தேன் சார்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினார். என் தொழில் வாழ்க்கையில் ‘நான்’ என்று எழுதிய ஒரே செய்தி அதுதான்.

அதைப் படித்து யாரும் உனக்கு மாலை போடவில்லை. பட்டறையில் இரண்டொருவர் பேசத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். கோவிந்தன் பேசவில்லை. சில வாரம் கழித்துத் தொட்டி மீண்டும் நிரம்பியது. இறங்க ஆளில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் வந்திருந்தேன். மூடியும் மறுகோடிக் கல்லும் காலையிலேயே திறந்து கிடந்தன, துணி ஊதிக்கொண்டிருந்தது, விளக்கு அடியில் எரிந்தது. நீ இடுப்பில் கயிற்றைக் கட்டப் போனாய். கோவிந்தன் வந்து அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையை உன் கையில் திணித்தார்.

“நீதான் புடிக்கணும். நீ எனக்கு ஒட்டா, ஒறவா?”

குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். நீ கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அவர் மேலே வரும்வரை தொட்டி வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதன்பிறகு எத்தனையோ விபத்துகளுக்குப் போனேன். இறந்தவர்களின் பெயரைக் கேட்டு முடித்ததும், மற்றவர்களைத் தடுத்து மேலே நின்றது யார் என்று கேட்பேன். பலருக்கு அந்தக் கேள்வி புரிந்ததில்லை.

மருமகள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். துணி காயப்போடும் கயிறு தளர்ந்துவிட்டது, இழுத்துக் கட்டுங்கள் என்றாள். பிடித்தேன். கை தானாக இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. எந்தக் கயிறு கைக்கு வந்தாலும் அப்படித்தான், மறுமுனையில் ஆள் இறங்கியிருப்பதுபோல.