ஸ்டெல்லா கொடுத்த மஞ்சள் மாத்திரை

4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. வாங்க: பாகற்காய், ஓட்ஸ், சோப்பு.
இவருக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் தெரிந்து ஒரு மாதம். நான் சமைக்கும் பாகற்காயைத் தட்டோரம் ஒதுக்குகிறவர், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லிச் சாற்றை ஒரே மடக்கில் குடிக்கிறார்.
"கசக்கலையா?"
"இல்லலா. அந்தப் பொண்ணு பக்குவமா செய்யுது."
பதினெட்டு வருஷமாக என் சமையலுக்கு அந்த வார்த்தை வந்ததில்லை.

6, வியாழன்
நல்ல வெயில். இப்போது மஞ்சள் மாத்திரையும். மிளகுச் சத்து சேர்த்ததாம். ஸ்டெல்லாவுக்கும் இதே கொழுப்பு. இரண்டு பேரும் வேலியோரம் நின்று எத்தனை கிலோ குறைந்தது என்று பேச்சு.
"அண்ணே, காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. மறந்துடாதீங்க."
அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள். இருந்தும் வயிறு எரிகிறது. எனக்கும் கொழுப்பு இருந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. சீ.

11, செவ்வாய்
போர்டிக்சன் கிளினிக். இவர் ரத்தப் பரிசோதனை மோசம். டாக்டரம்மா மாத்திரை டப்பாவை வாங்கிப் பார்த்தார்.
"கறியில போடுற மஞ்சள் வேற, இது வேற. ஆராய்ச்சி நடக்குது, சிலருக்கு நல்லதுங்கிறாங்க. ஆனா சிலருக்கு ஈரலையே தாக்கிடும். இன்னையோட நிறுத்துங்க. நடங்க, எடையக் குறைங்க."
இவர் தலை குனிந்தார். எனக்குச் சந்தோஷம். புருஷன் ஈரல் கெட்டதற்கு!
காரில், "ஸ்டெல்லாகிட்ட சொல்லணும்" என்றார்.
"நான் சொல்லிக்கிறேன்." இவர் போய் அவளோடு நிற்க வேண்டாம்.

12, புதன்
சொல்லவில்லை. இவர் கேட்டதற்கு, "சொல்லிட்டேன்." பொய்.

14, வெள்ளி
நாங்கள் இருவரும் வேலை செய்யும் எஸ்டேட் நாற்றுப்பண்ணைக்கு ஸ்டெல்லா இரண்டு நாளாக வரவில்லை. "வாந்தியாம்" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். வேலை முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்கு.
கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள். கையில் அதே டப்பா.
"உடம்பு முடியலக்கா. அதான் நேத்துலேர்ந்து மூணு மூணா போடுறேன்."
பிடுங்கினேன். "கார எடுங்க!" என்று வேலிக்கு மேல் இவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். சிரம்பான் பெரியாஸ்பத்திரி. வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

15, சனி
மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது, தேறிவிடுவாள் என்றார் வார்டு டாக்டர். கஞ்சி கொண்டுபோனோம். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"நீங்க வரலன்னா என்ன ஆயிருக்கும்க்கா."
இவர் குறுக்கே புகுந்தார். "இவதான் புதன்கிழமையே நிறுத்தச் சொன்னாளே, கேட்டியாம்மா நீ?"
ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.
"ஆமாண்ணே, நான்தான் கேக்கல" என்றாள்.